கொழுக்கிக்கும் சுமைக்கும் நடுவே

ஒரு தொழிற்சாலையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு நின்றுவிடுகின்றனர். அதனை நிறுவிய அமைச்சர் யார்? முதல் உற்பத்தி வெளிவந்த ஆண்டு எது? ஆண்டுக்கு எத்தனை தொன் பண்டம் உற்பத்தியாயிற்று? இவை தேவையான கேள்விகளே. ஆயினும் அந்தத் தொன் கணக்கான பாரத்தைத் தரையிலிருந்து தூக்கவும், திருப்பவும், இறக்கி வைக்கவும் எத்தனை கைகள் முனைந்தன, அக்கைகளுக்கு நேர்ந்தது என்ன என்ற நான்காவது கேள்வி நம் சரித்திர நூல்களில் இடம்பெறுவதில்லை. அணைக்கட்டுக்குக் கல்வெட்டு உண்டு. பாலத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு. நசுங்கிய விரலுக்கு ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தால் அதுவே பெரிது.

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நாட்டை முன்வைத்து இந்த நான்காவது கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். வயலும் வாவியும் கடலுமே இந்நாட்டின் வாழ்வு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதி உண்மை. 20ஆம் நூற்றாண்டு இம்மண்ணுக்கு இரும்பைக் கொண்டுவந்தது. 1924இல் கல்லடியில் வாவிக்குக் குறுக்கே இரும்புப் பாலம் எழுந்தது. தேசாதிபதி மானிங்கின் மனைவியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1928இல் புகையிரதப் பாதை மட்டக்களப்பை எட்டியது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. தமிழ் மக்கள் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் வேலை மொறிசன்-நட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1961இலேயே ஆதலின், அந்த நீர் பாய்ந்த வயல்வெளியின் கதை அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் கதையுமாகும். 1956இல் வாழைச்சேனையில் அரசாங்கக் காகித ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று.

பாலத்தின் உத்தரமும், தண்டவாளமும், அணையின் மதகுக் கதவும், ஆலையின் உருளையும் தாமாக நடந்து வந்து தத்தம் இடத்தில் அமர்ந்துகொள்ளவில்லை. ஒவ்வொன்றும் தூக்கப்பட்டது, ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ ஒருவர் கையை வைத்துச் சரிசெய்தார். இக்கட்டுரையின் பொருள் அந்தக் கை.

முதுகிலிருந்து கொழுக்கிக்கு

இரும்பு வருமுன்னரும் இந்நாட்டில் பாரம் இருந்தது. படுவான்கரையில் விளைந்த நெல் மூட்டைகளாகத் தோணியேறி எழுவான்கரைக்கு வந்தது. வெட்டிய காட்டு மரத்தை எருதும் யானையும் இழுத்தன. கல்லைப் புரட்ட அலவாங்கும், உயரத் தூக்கக் கயிறும் கப்பியும் உதவின. அந்த உழைப்பை நாம் பொற்காலமாகப் பாட வரவில்லை. அது முதுகை வளைத்தது. தோளைக் காய்க்கச் செய்தது. மனிதனை நாற்பது வயதிலேயே கிழவனாக்கியது. ஆனால் அதில் ஒரு தன்மை இருந்தது. பாரத்தைச் சுமந்தவர்களே அதன் வேகத்தையும் தீர்மானித்தனர். பத்துப் பேர் கூடி ஒரு மரத்தை நகர்த்தும்போது ஒருவர் குரல் கொடுப்பார். மற்றவர் அக்குரலுக்குத் தோள் கொடுப்பர். ஒருவருடைய கை அகப்பட்டுக்கொண்டால் மற்ற ஒன்பது தோள்களும் அதை அக்கணமே அறியும். குரல் நிற்கும், மரமும் நிற்கும்.

ஐரோப்பியக் கைத்தொழிற் புரட்சி இந்த உறவை மாற்றியது. 1834இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கத்தில் வில்ஹெல்ம் ஆல்பேட் என்பவர் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கம்பிவடம் செய்தார். 1846இல் இங்கிலாந்தின் நியூகாசில் துறையில் ஆம்ஸ்ட்ரோங் நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கியை நிறுவினார். அந்நூற்றாண்டின் இறுதியில் மின்சாரமும் வந்து சேரவே, தொழிற்சாலைக் கூரையின் கீழ் மின்சாரத்தால் ஓடும் மேல்நிலைப் பாரந்தூக்கி பிறந்தது. இரு பக்கச் சுவர்களின் உயரத்தில் தண்டவாளங்கள். அவற்றின் மீது கூடத்தின் அகலம் முழுவதும் நீண்டு நகரும் உத்தரம். உத்தரத்தின் மீது அங்குமிங்கும் ஓடும் ஒரு சிறு வண்டி. அவ்வண்டியிலிருந்து தொங்கும் கம்பிவடமும் கொழுக்கியும். கூடத்தின் எந்த மூலையிலிருக்கும் பாரத்தையும் எடுத்து எந்த மூலையிலும் வைக்க அதனால் முடியும்.

இந்த இயந்திரத்தை நாம் பழிக்கவில்லை. மனிதனின் முதுகை விடுவித்த எந்தக் கருவியும் மனித குலத்தின் செல்வமே. ஆயினும் அது ஒரு வேலையை இரண்டாகப் பிளந்தது என்பதையும் கவனித்தல் வேண்டும். பாரத்தை அசைப்பவர் ஒருவர்; பாரத்தின் மீது கை வைத்திருப்பவர் வேறொருவர். மேலே இயக்குபவருக்குப் பாரத்தின் மறுபக்கம் தெரியாது. கீழே கட்டுபவருக்கு மேலேயுள்ளவரின் விரல் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்பது தெரியாது. இருவருக்கும் இடையே இயந்திரங்களின் இரைச்சல். பத்துத் தோள்கள் உணர்ந்ததைக் கம்பிவடம் உணர்வதில்லை.

வாழைச்சேனையில் எழுந்த ஆலை

சுதந்திர இலங்கையின் முதல் ஆண்டுகளில் கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் பெயரோடு மூன்று தொழிற்சாலைகளைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்: காங்கேசன்துறைச் சீமேந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம். வடக்கிலும் கிழக்கிலும் வயலையும் உத்தியோகத்தையும் மட்டுமே அறிந்திருந்த குடும்பங்களிலிருந்து ஆலைத் தொழிலாளி என்ற புதிய மனிதன் தோன்றினான். வாழைச்சேனை ஆலைக்கு வாவிக்கரை வயல்களின் வைக்கோலே மூலப்பொருளாயிற்று. அறுவடை முடிந்தபின் மாட்டுக்கும் கூரைக்கும் போக எஞ்சியது, பள்ளிப் பிள்ளை எழுதும் தாளாக மாறியது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கூரையின் கீழ் ஒரே சங்கொலிக்கு வேலைக்கு வந்தனர். அந்தச் சாதனையின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

காகிதம் இலேசான பொருள் என்பது வாசகனின் எண்ணம். ஆலைத் தொழிலாளிக்கு அது பாரம். எந்தக் காகித ஆலையிலும் நடைமுறை ஏறத்தாழ ஒன்றே. வைக்கோல் இரசாயனத்தில் வேக வைக்கப்பட்டுக் கூழாகிறது. கூழ் கம்பி வலையின் மீது பரந்து நீரை இழக்கிறது. அழுத்தும் உருளைகளிடையே நெருங்கி, நீராவியால் சூடேறிய உருளைகளின் மீது உலர்ந்து, இறுதியில் ஓர் இரும்புத் தண்டின் மீது சுற்றிக்கொண்டே போகிறது. அச்சுருள் நிறைந்ததும் அதனைத் தண்டோடு தூக்கி அடுத்த இயந்திரத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆலையின் அளவுக்கேற்ப ஒரு சுருள் சில நூறு கிலோவும் இருக்கும், பல தொன்னும் இருக்கும். மனிதத் தோளால் ஆகாத காரியம், பாரந்தூக்கியின் காரியம்.

அது அன்றாட வேலை. இதைவிடக் கடினமானது பழுதுபார்க்கும் நாளின் வேலை. தேய்ந்த உருளையைக் கழற்றிப் புதியதைப் பொருத்த வேண்டும். தொன் கணக்கில் எடையுள்ள உருளை கொழுக்கியில் தொங்க, அதன் முனையைத் தாங்கியின் துளைக்கு நேராக, ஒரு நூலளவும் பிசகாமல் கொண்டுவர வேண்டும். இயந்திரம் நிற்கும் ஒவ்வொரு மணியும் நட்டம் என்று மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கை காயப்படுவதற்கு இதைவிட ஏற்ற சூழ்நிலை வேறில்லை.

காயம் நேரும் கணம்

பாரந்தூக்கி என்றதும் வடம் அறுந்து பாரம் தலைமேல் விழும் கோரக் காட்சியே நம் மனதில் தோன்றுகிறது. அது நிகழ்வதுண்டு. ஆனால் கையை இழப்பதற்கு வடம் அறவேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போதே கை போய்விடும். அது எவ்வாறு என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலாவது, கட்டுவடம் இறுகும் கணம். சுமையைச் சுற்றி வடத்தை மாட்டியாயிற்று, ஆனால் வடம் தளர்ந்திருக்கிறது, விட்டால் நழுவிவிடும். ஆகவே கீழே நிற்பவர் அதைக் கையால் பிடித்துச் சுமையோடு சேர்த்து வைத்துக்கொள்கிறார். ‘தூக்கு’ என்று சைகை. தளர்ச்சி நீங்கி வடம் விறைப்பதற்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. அந்த நொடியில் விரலை எடுக்கவில்லையாயின், வடத்துக்கும் சுமைக்கும் இடையில் விரல் அகப்படும். மேலேயுள்ளவருக்குச் சுமை ஏறுவது மட்டுமே தெரியும்.

இரண்டாவது, தொங்கும் சுமை ஊசலாடும் கணம். ஒரு தொன் எடையுள்ள பொருள் கொழுக்கியில் தொங்கும்போது ஒரு கையால் தள்ளினால் நகரும். இது மனிதனை ஏமாற்றுகிறது. தூக்கப்பட்ட சுமையின் பாரத்தைக் கொழுக்கி தாங்குகிறதேயொழிய, அதன் திணிவு ஓர் அணுவும் குறைவதில்லை. தள்ளும்போது மெல்ல நகர்ந்த அதே பொருள், சுவரை நோக்கியோ தூணை நோக்கியோ செல்லும்போது அதே கையால் நிறுத்தப்பட மறுக்கிறது. நடந்து வரும் மனிதனின் வேகத்தில் வரும் ஒரு தொன் இரும்புக்கும் சுவருக்கும் நடுவே நீட்டிய உள்ளங்கை எம்மட்டு!

மூன்றாவது, இறக்கும் கணம். சுமையின் அடியில் மரக்கட்டைகளை வைத்தாலன்றிப் பின்னர் வடத்தை உருவ முடியாது. கட்டை கோணலாகிவிட்டது, சரிசெய்யக் கை உள்ளே போகிறது, அதே வேளையில் சுமையும் இறங்குகிறது.

நான்காவது, வடமே பகையாகும் நிலை. பழைய கம்பிவடத்தில் இழைகள் அறுந்து முட்களாய் நீட்டிக்கொண்டிருக்கும். வெறுங்கையால் தடவியவரின் உள்ளங்கையைக் கிழிக்கும். கையுறை இதற்கு உதவும்; ஆனால் சுழலும் உருளையருகே தளர்ந்த கையுறையே விரலை இழுத்துச் செல்லும் பொறியாகிவிடும். ஒரு கவசத்தை எல்லா இடத்துக்கும் பொதுவாக்கிக் கடமை முடிந்ததென்று இருந்துவிட முடியாது.

இவற்றோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பௌதிக ஆசிரியர்களுக்கு இது பழக்கமான கணக்கே. 1,000 கிலோ எடையை இரண்டு வடக் கால்களால் தூக்குகிறோம் என்று கொள்வோம். இரண்டும் செங்குத்தாயிருந்தால் ஒவ்வொன்றும் 500 கிலோவைத் தாங்கும். கிடைமட்டத்துடன் 60 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொன்றின் மீதும் விழும் இழுவை 577 கிலோ. 45 பாகையில் 707 கிலோ. 30 பாகைக்குச் சாய்ந்துவிட்டால் ஒவ்வொன்றும் முழு 1,000 கிலோவையும் தாங்க நேரும். சுமை கூடவில்லை, கோணம் மாறியது, வடத்தின் வேலை இரட்டித்தது. இதை அறியாத ஒருவரின் கையில் குட்டையான வடத்தைக் கொடுத்து, ‘இருப்பதை வைத்துச் சமாளி’ என்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதற்கு ஒப்பாகும்.

‘கவனக்குறைவு’ என்ற தீர்ப்பு

விரல் போனபின் எழுதப்படும் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறோம்: கவனக்குறைவு. இச்சொல்லுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

இங்கிலாந்தில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் வேலையாள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி குடைசாய்ந்ததால் தொடையெலும்பு முறிந்து வழக்குத் தொடுத்தார். பிறீஸ்ற்லி எதிர் பௌலர் எனப் பெயர்பெற்ற அவ்வழக்கில், எசமான் பொறுப்பாளியல்லர் என்று 1837இல் நீதிபதி அபிங்கர் பிரபு தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பிலிருந்து வளர்ந்த கோட்பாடு இது: உடன் வேலை செய்பவரின் பிழையால் நேரும் தீங்கு, வேலையை ஏற்றபோதே தொழிலாளி ஏற்றுக்கொண்ட ஆபத்து. பாரந்தூக்கியை இயக்குபவரும் உடன் வேலை செய்பவரே. ஆகவே நசுங்கிய கைக்கு முதலாளி காரணமில்லை! பிரிட்டனில் இக்கோட்பாடு முற்றாக ஒழிக்கப்பட்டது 1948இலேயாகும்.

1910இல் அமெரிக்கப் பெண் சட்டவறிஞர் கிறிஸ்ரல் ஈஸ்ற்மன் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். பிற்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த பிரதேசத்தில் 1906 யூலை முதல் 1907 யூன் வரையான ஒரே ஆண்டில் வேலையிடத்தில் மாண்ட 526 பேரின் கதையை அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவர்களுள் 195 பேர் உருக்குத் தொழிலாளர். அவர்களைப் பலிகொண்டவற்றுள் பாரந்தூக்கிகள் முக்கியமானவை. தொழிலாளியின் அசட்டையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஆலை நிர்வாகிகள் சொல்லிவந்ததைத் தனித்தனிச் சம்பவங்களின் முன் நிறுத்தி அவர் உரைத்துப் பார்த்தார், அது செல்லாக்காசாயிற்று.

ஆயினும் செல்லாக்காசு மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. 1931இல் காப்புறுதி நிறுவனமொன்றின் அலுவலரான ஹைன்றிச் என்பவர் தொழில் விபத்துக்கள் பற்றி எழுதிய நூலில், 75,000 சம்பவங்களை வகைப்படுத்தி, நூற்றுக்கு 88 விபத்துக்கள் மனிதரின் பாதுகாப்பற்ற செயலால் விளைந்தவை என்றார். அந்தச் சம்பவங்களின் விவரம் எங்கிருந்து வந்தது? காப்புறுதிக் கோவைகளிலிருந்தும் ஆலை உரிமையாளரின் பதிவேடுகளிலிருந்தும். காயம்பட்டவரின் வாக்குமூலம் எழுதப்படாத ஏட்டைப் புரட்டினால் காயம்பட்டவரே குற்றவாளியாகத் தோன்றுவதில் வியப்பென்ன? அந்த 88 என்ற இலக்கம் உலகெங்கும் ஆலைச் சுவர்களில் ‘கவனமாயிரு’ என்ற பலகையாக மாறியது.

கவனம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. எட்டு மணி நேரமும், ஒவ்வொரு தூக்கலிலும், ஒரு நொடியும் தவறாத கவனத்தை மனித நரம்பிடம் கேட்பது நியாயமா என்பதே கேள்வி. கை அங்கே போகவேண்டிய தேவையில்லாதபடி வேலையை அமைக்கத் தவறியவரின் கவனக்குறைவை எந்த அறிக்கை எழுதுகிறது?

விரலுக்கு விலை

சட்டம் தானாக இரங்கி வந்ததில்லை. ஜெர்மனியில் 1884இலும் பிரிட்டனில் 1897இலும் தொழில் விபத்துக்கு ஈடு வழங்கும் சட்டங்கள் பிறந்தன; இரண்டுக்கும் பின்னால் எழுந்து வந்த தொழிலாளி வர்க்கத்தின் நிழல் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1923இல் அத்தகைய சட்டம் வந்தது. இலங்கையில் அதே 1923இல் கொழும்புத் தொழிலாளர் ஏ.ஈ. குணசிங்கவின் தலைமையில் பொது வேலைநிறுத்தம் செய்தனர். 1927இல் துறைமுகத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பாரந்தூக்கிக்கும் கப்பல் வயிற்றுக்கும் இடையே நின்றவர்கள் அவர்களே. டொனமூர் அரசியலமைப்பின் கீழ், ஹற்றனிலிருந்து தெரிவான பெரி. சுந்தரம் தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. யாருடைய பிழை என்று நிரூபிக்காமலே ஈடு கோரும் உரிமை இலங்கைத் தொழிலாளிக்குக் கிடைத்தது. அது வெற்றி, ஐயமில்லை.

ஆனால் இச்சட்டங்கள் உடலை எவ்வாறு அளந்தன என்பதைக் காண வேண்டும். 1923ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தோடு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டிருந்தது. முழங்கைக்கு மேல் வலது கை போனால் உழைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 70 போயிற்று, இடது கையானால் 60, பெருவிரல் 25, சுட்டுவிரல் 10, மற்ற விரல் எதுவாயினும் 5. இலங்கைச் சட்டமும் உறுப்பை நூற்றுவீதத்தால் அளக்கும் இதே மரபில் வந்ததுதான்.

மோதிரவிரலுக்கு ஐந்து! வாவிக்கரை மனிதனின் கை ஆலையில் மட்டும் உழைப்பதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பியபின் அதே கை தோணியில் துடுப்பைப் பிடிக்கிறது, வீச்சுவலையை விரித்தெறிகிறது, போகத்துக்குப் போகம் விதை நெல்லைத் தூவுகிறது, மருதமுனையிலும் காத்தான்குடியிலும் தறியில் இழையைக் கோக்கிறது. வலையை விரித்தெறிய எல்லா விரல்களும் வேண்டும். அறுந்த இழையை முடிச்சிட விரல் நுனியின் உணர்ச்சி வேண்டும். ஆலைச் சம்பளத்தை மட்டும் வைத்து நூற்றுவீதம் போட்ட அட்டவணைக்கு இந்த இரண்டாவது வாழ்வு தெரியாது.

ஈடு என்பது காயத்துக்குப் பின் வருவது. காயத்துக்கு முன் வரவேண்டிய சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பிரிட்டனின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றிய அது, இங்கே 1950இலேயே நடைமுறைக்கு வந்தது. சங்கிலியையும் வடத்தையும் ஆறு மாதத்துக்கொரு முறை தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும், தாங்கக்கூடிய பாரத்தை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும், மேல்நிலைப் பாரந்தூக்கி ஓடும் பாதையில் ஆள் வேலை செய்தால் 20 அடிக்குள் அது நெருங்காதபடி தடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிட்டிஷ் மூலச் சட்டம் விதித்திருந்தது. அதற்கும் முன்னரே, 1929இல், சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் ஓர் ஒப்பந்தத்தை இயற்றியது: கப்பலில் ஏற்றும் 1,000 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள எந்தப் பொதியின் மீதும் அதன் எடை எழுதப்படவேண்டும். தூக்கப்போவது என்ன எடை என்று தூக்குபவருக்குத் தெரியவேண்டும் என்ற எளிய உரிமைக்கு உலக மாநாடு தேவைப்பட்டது!

ஆகவே 1956இல் வாழைச்சேனை ஆலை இயங்கத் தொடங்கியபோது, கையைக் காக்கும் அறிவும் உலகில் இருந்தது; சட்டமும் நாட்டில் இருந்தது. அறியாமை என்ற சாட்டை அதன் பின் எவரும் சொல்ல முடியாது.

கைகளின் பொதுமொழி

ஆனால் அந்த 1956ஆம் ஆண்டு வேறொன்றையும் கொண்டுவந்தது. அவ்வாண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசின் மொழியாக்கியது. அதே யூன் மாதத்தில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர் கொல்லப்பட்டனர். ஒரே கூரையின் கீழ் மூன்று சமூகத்தார் வேலை செய்யவேண்டிய ஓர் ஆலை, அவர்களைப் பிரிக்கும் சட்டத்தோடு ஒரே ஆண்டில் பிறந்தது.

இது பாரந்தூக்கிக்குச் சம்பந்தமில்லாத அரசியல் என்று நினைக்கவேண்டாம். எச்சரிக்கைப் பலகை எந்த மொழியில்? வடத்தின் வில்லையில் பொறித்த பார அளவை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? விபத்து அறிக்கையில் கையொப்பமிடுபவர், தாம் ஒப்புக்கொள்வது இன்னதென்று அறிவாரா? விளங்காத மொழியில் எழுதிய எச்சரிக்கை, எழுதியவரைக் காக்குமேயன்றிக் கையைக் காக்காது.

வியக்கத்தக்க செய்தி யாதெனில், பாரந்தூக்கியின் கூடத்தில் எல்லாருக்கும் விளங்கும் ஒரு மொழி முன்னமே இருந்தது என்பதாகும். அது கையின் மொழி. முன்கையை நிமிர்த்திச் சுட்டுவிரலை மேல்நோக்கிச் சுழற்றினால் ‘தூக்கு’. கையைத் தாழ்த்தி விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினால் ‘இறக்கு’. தமிழருக்கும் முஸ்லிமுக்கும் சிங்களவருக்கும் அதில் பேதமில்லை. ஒருவரே சைகை காட்டவேண்டும். ‘நிறுத்து’ என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் இயக்குபவர் கீழ்ப்படிய வேண்டும் என்பது பாரந்தூக்கி வேலையின் உலகப் பொது விதி. ஆலைக் கூடத்தில் கடைசித் தொழிலாளிக்கும் உள்ள இந்த நிறுத்தும் உரிமை நாட்டின் அரசியலில் எளிய மக்களுக்கு இருந்திருந்தால், பின்வந்த எத்தனையோ அழிவுகள் நேர்ந்திரா.

செய்யக்கூடியது என்ன?

செய்யவேண்டியவை மறைபொருளல்ல. தொங்கும் சுமையைக் கையால் வழிநடத்தாமல் அதன் முனையில் கட்டிய நீண்ட கயிற்றால் வழிநடத்துதல். கிட்ட நின்று தள்ளவேண்டிய இடத்தில் கைப்பிடியுள்ள நீண்ட கோலால் தள்ளுதல். வடம் விறைக்கும்வரை அங்குலம் அங்குலமாக ஏற்றி, கைகள் விலகியதைச் சைகை காட்டுபவர் கண்ணால் கண்ட பின்னரே மேலும் ஏற்றுதல். மரக்கட்டைகளைச் சுமை இறங்குமுன்னரே சரியாக அடுக்குதல். இழை அறுந்த வடத்தை வெட்டி எறிதல். சுமையின் எடையைச் சுமையின் மீதே எழுதுதல். கயிற்றின் விலையும் கோலின் விலையும் ஒரு விரலின் நட்டஈட்டுக்கு முன் அற்பம். ஆயினும் இவை செய்யப்படாமற் போவதற்குக் காரணம் விலையன்று, நேரம். ஒவ்வொரு தூக்கலுக்கும் கூடுதலாகத் தேவைப்படும் அந்த ஓரிரு நிமிடத்தை யார் தருவது? உற்பத்தி இலக்கைக் குறிப்பவர் தரமாட்டார். தொழிற்சங்கம் கேட்டுப் பெறவேண்டும். சம்பள உயர்வுக்காகப் போராடிய நம் சங்கங்கள் இந்த ஓரிரு நிமிடத்துக்காக எத்தனை முறை போராடின என்று அவை தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

1977க்குப் பின் இறக்குமதிக்குக் கதவு அகலத் திறந்தது. 1978 நவம்பர் 23இல் சூறாவளி மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கியது. 1983 முதல் போர். வாழைச்சேனை ஆலை தன் பழைய பருமனை இழந்தது. ஆனால் பாரம் தூக்கும் வேலை ஓயவில்லை. 2013இல் கல்லடியில் பழைய இரும்புப் பாலத்தின் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. வாவிக்கரை இளைஞர்கள் வளைகுடா நாடுகளின் கட்டட வேலைத்தலங்களுக்கு விமானம் ஏறுகின்றனர்; அங்கே அவர்கள் நிற்பதும் கொழுக்கியின் கீழேதான். தொழில் பாதுகாப்புக்கென ஒரு தேசிய நிறுவகத்தை 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் ஏற்படுத்தியது. ஆனால் ஒப்பந்தக்காரருக்குக் கீழ் உப ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழ் நாட்கூலி என்று அடுக்கடுக்காய்ப் போகும் இக்கால வேலைமுறையில், காயம்பட்டவரின் பெயரே எந்தப் பதிவேட்டிலும் இராமற்போவதுண்டு. பெயரில்லாதவருக்கு அட்டவணையிலுள்ள ஐந்து வீதமும் இல்லை.

ஆசிரிய நண்பர்களிடமும் மாணவரிடமும் நாம் வேண்டுவது பெரிய காரியமன்று. விசைகளின் சமநிலையைப் பௌதிக வகுப்பில் விளக்கும்போது கரும்பலகையில் இரண்டு வடக் கால்களையும் அவை தாங்கும் பாரத்தையும் வரைந்து காட்டுங்கள். நாளை அந்த மாணவர்களுள் ஒருவர் குட்டை வடத்தைக் கையில் வாங்கும்போது அது நினைவுக்கு வரும். சரித்திர மாணவர்கள் வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் கல்லடியிலும் வாழும் முதிய தொழிலாளரிடம் சென்று, எந்த வேலையில், எந்த வேளையில், யார் சைகை காட்ட, எப்படி நேர்ந்தது என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆலைப் பதிவேடுகள் ஒரு பக்கத்தின் வாக்குமூலம். மறுபக்கத்தின் வாக்குமூலம் இன்னும் மனித நினைவில் மட்டுமே இருக்கிறது. அந்த நினைவுடையோர் வயோதிபராகிவிட்டனர். காலந்தாழ்த்தலாகாது.